சர்டிபிகேட்டை வாடகைக்குக் கொடுத்திருக்கும் பார்மசிஸ்ட்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

போன மாதம் ஒரு மத்தியானம் என் கடைக்கு ஓர் ஆச்சி வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே, "எம்மா, வாயெல்லாம் புண்ணு. தண்ணி குடிச்சாக் கூட எரியுது. களிம்பு ஏதாவது குடு தாயி" என்றார். களிம்பை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட அரை நிமிஷம் போதும். "வேற என்ன மாத்திரை சாப்பிடுதீங்க ஆச்சி?" என்று கேட்டேன். சுருக்குப்பையை அவிழ்த்தார். மடித்து வைத்த டாக்டர் சீட்டு, ஒரு பில், மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மில்லிகிராம் பட்டை மூன்று. இரண்டு காலி. மூன்றாவதில் மூன்று மாத்திரை மிச்சம்.

சீட்டில் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருந்தார். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மட்டும், மூன்று மாத்திரை. ஆனால் பட்டையின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் 1-1-1 என்று எழுதியிருந்தது. காலை ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. வாரத்துக்கு உண்டான மருந்தை ஆச்சி தினமும் சாப்பிட்டிருக்கிறார், ஒன்பது நாளாக.

மெத்தோட்ரெக்ஸேட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து. அளவு மீறினால் முதலில் வாய் வெந்துபோகும், பிறகு எலும்பு மஜ்ஜை அடிவாங்கும், ரத்த அணுக்கள் சரியும். டாக்டருக்குப் போன் போட்டேன். "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றார். மகனை வரவழைத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்து ஆச்சி பிழைத்து வந்துவிட்டார். களிம்பை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் அன்று ராத்திரியும் ஒரு மாத்திரை போட்டிருப்பார்.

அந்த பில்லின் அடியில் 'பதிவு பெற்ற மருந்தாளுநர் கையொப்பம்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் பதிவு எண்ணும் ரப்பர் ஸ்டாம்பாக விழுந்திருந்தன. "அங்கே பார்மசிஸ்ட் யாரும் இருந்தாங்களா?" என்று மகனிடம் கேட்டேன். "ஒரு பையன்தான்க்கா எப்பவும் நிப்பான். வேற யாரையும் பார்த்ததில்ல" என்றார். அந்தக் கையெழுத்துக்கு உரியவர் உங்களில் ஒருவர். அதனால்தான் இந்த மடலை மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கோ கடை முதலாளிகளுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று மாத்திரை என்றால் மூன்று வேளை என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலான சீட்டுக்கு அது சரியாகவும் இருந்திருக்கும். ஆயிரத்தில் ஒரு சீட்டு அப்படி இருக்காது. அந்த ஒரு சீட்டுக்காகத்தான் டி.பார்முக்கு இரண்டு வருஷமும் பி.பார்முக்கு நான்கு வருஷமும் நம்மைப் படிக்க வைத்தார்கள்.

பார்மசிஸ்ட் பதிவு சர்டிபிகேட் என்ற ஒரு காகிதத்தைக் கடைக்குக் கொடுத்தோம், மாதாமாதம் பணம் வருகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் காகிதத்தை வைத்து ஒரு மருந்துக்கடை எப்படித் திறக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

சில்லறை மருந்துக்கடைக்கு உரிமம் கேட்பவர் படிவம் 19-ல் விண்ணப்பிக்கிறார். கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும். மொத்த வியாபாரமும் அதே இடத்தில் என்றால் 15. கடையின் வரைபடம், வாடகை ஒப்பந்தம், குளிர்சாதனப் பெட்டி வாங்கிய பில், கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். எல்லாம் சரியாக இருந்தால் படிவம் 20-லும் 21-லும் இரண்டு உரிமங்கள் கிடைக்கின்றன. பொதுவான மருந்துகளுக்கு முதலாவது. தடுப்பூசி, இன்சுலின் மாதிரி அட்டவணை சி, சி(1)-ல் வருகிறவற்றுக்கு இரண்டாவது. இதில் கடையும் பெட்டியும் கட்டணமும் காசு இருக்கிற யாராலும் முடியும். காசு கொடுத்து வாங்க முடியாதது ஒன்றே ஒன்று, பதிவு பெற்ற பார்மசிஸ்ட். அந்த ஒன்றையும் நாம் விலைக்குக் கொடுத்துவிட்டோம்.

நீங்கள் இல்லாமலும் மருந்து விற்க சட்டத்தில் வழி இருக்கிறது. படிவம் 20ஏ, 21ஏ என்று கட்டுப்படுத்தப்பட்ட உரிமம் உண்டு. பார்மசிஸ்ட் மேற்பார்வை தேவைப்படாத மருந்துகளை மட்டும் அதில் விற்கலாம். போர்டில் 'பார்மசி' என்று போட்டுக்கொள்ள முடியாது. உங்கள் பெயரைச் சேர்த்த பிறகுதான் மெத்தோட்ரெக்ஸேட்டும் ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரினும் தூக்க மாத்திரையும் அந்த அலமாரிக்குள் வருகின்றன. கடைக்குள் ஆபத்தைக் கூட்டி வந்தது நம் சர்டிபிகேட். அதைக் காவல் காக்கத்தான் நாம் அங்கே இல்லை.

மருந்து விதிகளில் 65-வது விதியை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். படித்த காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததுதான். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் எந்த மருந்தும் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் கையால், அல்லது அவர் நேரில் மேற்பார்வை பார்க்கப் போக வேண்டும். பில்லில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு, கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி, கடைசியில் நம் கையெழுத்து. சீட்டைச் சரிபார்த்தேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன் என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி. இன்றைக்கு அதை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து கல்லாப்பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். முன்பெல்லாம் வெற்று பில் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்து நூறு தாளிலும் கையெழுத்து வாங்கிப் போவார்கள்.

அதை நான் எப்படி அறிவேன் என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டவள்தான்.

டி.பார்ம் முடித்துப் பதிவு செய்து மூன்று வருஷம். கல்யாணமாகி முதல் குழந்தை பிறந்து ஆறு மாதம். பக்கத்து ஊரில் ஒரு கடைக்கு சர்டிபிகேட் வேண்டும் என்று தெரிந்தவர் மூலம் வந்தார்கள். "நீங்க வரவே வேண்டாம், மாசம் அஞ்சாம் தேதி பணம் வீட்டுக்கு வந்துரும்" என்றார்கள். பால் பவுடருக்கு ஆகுமே என்று கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கடையின் வாசலை நான் மிதிக்கவில்லை.

ஒருநாள் காலையில் போன். "டி.ஐ. வந்திருக்கார், ஒரு மணி நேரத்துல வந்துருங்க." குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெள்ளைக் கோட்டைக் கடையிலேயே வைத்திருந்தார்கள். அது எனக்குப் பெரிதாக இருந்தது. மருந்து ஆய்வாளர் வயதானவர், சத்தம் போடவில்லை. "ஃப்ரிட்ஜைத் திறங்கம்மா" என்றார். ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் கடைப் பையன் முகத்தைப் பார்த்தேன். அவன் கண்ணால் காட்டினான். திறந்தால் கீழ்த்தட்டில் இட்லி மாவுத் தூக்குச்சட்டி. இடம் போதாமல் இன்சுலின் குப்பிகளை மேலே ஐஸ் தட்டில் தள்ளி வைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டி பனியோடு ஒட்டிக்கொண்டு பிய்க்க வரவில்லை.

"இன்சுலின் எத்தனை டிகிரியில வைக்கணும்?"

"2-ல இருந்து 8 சார்."

"உறைஞ்சா?"

"வீரியம் போயிரும் சார். உபயோகிக்கக் கூடாது."

"பாடம் நல்லாத்தான் படிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். கடைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஐஸ் தட்டிலிருந்து அதற்கு முன்னால் எத்தனை குப்பி வெளியே போயிருக்கும் என்பதுதான் ராத்திரியெல்லாம் மண்டையைக் குடைந்தது. ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று யாரோ ஒருவர் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார். உறைந்து உருகிய குப்பியைப் பார்த்துக் கெட்டது என்று கண்டுபிடிக்க அவரால் முடியாது. நான் அங்கே இருந்திருந்தால் காலையில் ஒரு தடவை கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்திருப்பேன். அவ்வளவுதான் வேலை.

அந்த வாரமே சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கினேன். அப்புறம் சில வருஷம் இன்னொரு கடையில் கவுண்டரில் நின்று வேலை பார்த்தேன். இப்போது சொந்தக் கடை.

இந்தச் சட்டங்கள் சும்மா வந்தவை அல்ல. 1930-ல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். தரங்கெட்ட மருந்தும் போலியும் தாராளமாக விற்பதையும், பயிற்சி இல்லாதவர்கள் மருந்து கலந்து கொடுப்பதையும் அந்தக் குழு 1931-ல் எழுதி வைத்தது. 1940-ல் மருந்துச் சட்டமும் 1948-ல் பார்மசி சட்டமும் அதன் பிறகு வந்தவை. பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. 2022 நவம்பரில் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சொன்னது. பார்மசிஸ்ட் இல்லாமலும் போலிப் பார்மசிஸ்ட்டை வைத்தும் மருந்து கொடுக்க விட்டு, மக்களின் உயிரோடு விளையாட மாநில அரசையும் பார்மசி கவுன்சிலையும் அனுமதிக்க முடியாது என்றது.

2017-ல் வந்த ஒரு மாற்றத்தையும் கவனியுங்கள். அதற்கு முன் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இப்போது புதுப்பித்தல் இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால், ரத்து செய்யாத வரை உரிமம் உயிரோடு இருக்கும். நேர்மையாகக் கடை நடத்துகிற எங்களுக்கு இது நிம்மதிதான். ஆனால் வாடகைக்குப் போன சர்டிபிகேட் யார் கண்ணிலும் படாமல் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கவும் இது தோதாகிவிட்டது. கல்யாணமாகி வெளியூர் போய், கொடுத்ததையே மறந்துபோன தங்கைகளை எனக்குத் தெரியும். மறந்தாலும் ஸ்டாம்ப் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

அட்டவணை எச்1 வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. 2014 மார்ச் 1 முதல் அந்த மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். காச நோய் மருந்துகள் அதில் இருக்கின்றன, வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள் இருக்கின்றன, போதைக்காகவும் தேடப்படுகிற வலி மாத்திரை டிராமடால் இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நாலு பையன்கள் பைக்கில் வந்து, சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்டு நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நீங்கள்தான் கடையில் இல்லையே. நான் பார்த்திருக்கிறேன். "சீட்டு இல்லாம தர மாட்டேன்" என்று சொல்ல எனக்குப் படிப்பும் பதிவு எண்ணும் பின்னால் நிற்கின்றன. கவுண்டரில் நிற்கிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு யார் நிற்கிறார்கள்? அவன் கொடுத்துவிடுவான். அப்புறம் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயரை எழுதுவான். அதன் கீழேயும் உங்கள் ஸ்டாம்ப்.

2025 அக்டோபர் நினைவிருக்கிறதா? காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிப் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷ ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது என்று நம் மாநில ஆய்வில் தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் கொத்தாகச் செத்தார்கள். தடை என்று செய்தி வந்த அன்றைக்கு நான் கொள்முதல் பில்லைப் பிரித்துப் பத்து நிமிஷத்தில் என் கடையில் அது இல்லை என்று உறுதி செய்தேன். தெரிந்த வேறொரு கடையில் பில் போடுகிற வேகத்தில் எல்லா மருந்துக்கும் பேட்ச் எண் என்று பூஜ்யம் பூஜ்யமாகத் தட்டி வைத்திருந்தார்கள். எந்த பேட்ச் வந்தது, யாருக்குப் போனது என்று அங்கே யாரைக் கேட்பது? விஷம் கலந்தது நம் தப்பல்ல, அதைக் கடையில் வைத்து நம்மால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் விஷம் என்று தெரிந்த பிறகு அதைத் துரத்திப் பிடிப்பது நம் வேலை. இன்னொன்றும் உண்டு. அந்த சிரப்பில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற இரண்டு சளி மருந்துகளின் கூட்டை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்க கவுண்டரில் ஒரு ஆள் வேண்டும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். கவுண்டரில் நின்றால் கிடைக்கிற சம்பளம் சொற்பம். பத்து மணி நேரம் நிற்க வேண்டும், பல கடைகளில் உட்கார ஸ்டூல் கூடக் கிடையாது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத கடைகள் எத்தனையோ. சும்மா இருந்தாலே சில ஆயிரம் வருகிறது என்றால் யார்தான் போவார்கள்? ஆனால் சம்பளம் ஏன் சொற்பமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆள் வராமலே சர்டிபிகேட் கிடைக்கும்போது, ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? ஒரு ஊரில் பத்துப் பேர் வாடகைக்குக் கொடுத்தால், வேலைக்குப் போகிற பதினோராவது ஆளின் சம்பளத்தையும் அவர்களே இறக்கிவிடுகிறார்கள்.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு உண்மை இருக்கிறது. காலை ஏழு மணி முதல் இரவு பத்து வரை கடை திறந்தால் பதினைந்து மணி நேரம். ஒரு பார்மசிஸ்ட்டால் அது ஆகாது. இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கச் சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். என் கடையும் சின்னக் கடைதான். மத்தியானம் ஒன்றரை முதல் இரண்டேகால் வரை 'பார்மசிஸ்ட் சாப்பிடப் போயிருக்கிறார், சீட்டு மருந்துகள் 2.15-க்கு மேல்' என்று ஒரு அட்டையைத் தொங்கவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் ஆட்கள் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். பிறகு நேரம் பார்த்து வரப் பழகிக்கொண்டார்கள். வியாபாரம் குறைந்தது உண்மை. கடையை மூடும் அளவுக்குக் குறையவில்லை.

சொந்தமாகக் கடை வைக்க முடிகிறவர்கள் அதைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்கள் தொழில்முனைவோராக அதை எடுத்து நடத்த 3 லட்சம் ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நம் படிப்பை ஒருவர் முதலீடாக மதித்துக் கேட்கிற இடம் அது. உங்கள் பெயர் வேறொரு கடையில் மாட்டிக்கொண்டிருந்தால் அங்கே விண்ணப்பிக்கக்கூட முடியாது. நீங்கள் அந்தக் கடையின் முழுநேர ஊழியர் என்று உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். நாளைக்குக் காலையில் அந்தக் கடைக்குப் போங்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு கவுண்டரில் நில்லுங்கள். "இனி வேலைக்கு வருகிறேன், சம்பளம் பேசுவோம்" என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள், நான் வேலை பார்த்தது அப்படி ஒருவரிடம்தான். ஒத்துக்கொள்ளாவிட்டால் ராஜினாமாவை எழுதி முதலாளிக்குக் கொடுத்து, அதன் நகலை உங்கள் பகுதியின் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உரிமம் கொடுத்தது அந்த அலுவலகம், நீங்கள் விலகிய தேதி அங்கே பதிவாக வேண்டும். மாநில பார்மசி கவுன்சிலுக்கும் ஒரு நகல் போகட்டும். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரிஜினலைத் தர மாட்டேன் என்று முதலாளி மிரட்டினால் பயப்படாதீர்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது, அந்தக் காகிதத்தில் இல்லை. கவுன்சிலில் நகல் வாங்க வழி உண்டு. இனி வேலைக்குச் சேரும்போது சரிபார்ப்புக்கு ஒரிஜினலைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். பில் போடும் கம்ப்யூட்டரில் உங்கள் கையெழுத்தை ஸ்கேன் செய்து ஏற்றி வைத்திருந்தால் அதையும் அழிக்கச் சொல்லுங்கள்.

தொழில் ஒழுக்கத்தை மீறியவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க பார்மசி சட்டத்தின் 36-வது பிரிவு கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விசாரணை என்று வந்தால், "அவங்கதான் எங்க பார்மசிஸ்ட்" என்று முதலாளி முதலில் கை காட்டுவது உங்களைத்தான். மாதாமாதம் வாங்கிய பணத்துக்கு ரசீதும் இருக்காது, அந்த மாத்திரையை நான் கொடுக்கவில்லை என்று சொல்ல சாட்சியும் இருக்காது.

கடைசியாக, ஆச்சியின் பில்லில் இருந்த கையெழுத்துக்கு உரியவருக்கு. ஆச்சி இப்போது என் கடையில்தான் மருந்து வாங்குகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏழு கட்டம் போட்டு, செவ்வாய்க் கட்டத்தில் மட்டும் மூன்று பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன், அதைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். அவருடைய மகன் புகார் எழுதியிருக்கிறார். பில்லின் நகலும் 1-1-1 எழுதிய பட்டையின் படமும் அதோடு போயிருக்கின்றன. என்னைக் கூப்பிட்டால் போய், பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். உங்களையும் கூப்பிடுவார்கள். "அன்றைக்கு நான் கடையில் இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நான் இல்லை, என் ஸ்டாம்ப்தான் இருந்தது" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லத் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் நான் கூட வருகிறேன்.

அன்புடன்,
ஒரு பதிவு பெற்ற பார்மசிஸ்ட்
தென்காசி மாவட்டம்